எதிர் வளைவு

"ஏய்! கதவ மூடு! சீக்கிரம் மூடு!"

அவள் விக்கித்து நின்றாள்.

மழைக்கு ஒதுங்க வந்தவளை இப்படியா வரவேற்பார்கள்? குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நேர்முகத் தேர்வுக்கென்று பார்த்துப் பார்த்துத் தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை தோளோடு ஒட்டிக் கிடந்தது. இரும்புக் கப்பல் கட்டும் கம்பெனியின் வாசலுக்குப் போக இன்னும் ஒரு தெரு பாக்கி... அதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதில், கைக்கு எட்டிய முதல் தகரக் கதவை முழு பலத்தோடு தள்ளித் திறந்து உள்ளே பாய்ந்திருந்தாள். அவளோடு மழைக்காற்றும் சேர்ந்து பாய்ந்தது.

உள்ளே ஒரு படகு குப்புறக் கிடந்தது. கன்னங்கரேலென்று, பளபளவென்று, முழுக்க முழுக்க பிளாஸ்டிக் படகு. அதன் மேல் குனிந்து, கையில் துப்பாக்கி மாதிரி ஏதோ ஒன்றைப் பிடித்தபடி ஒருவன். கத்தியது அவன்தான்.

"காது கேக்கலையா? கதவ மூடுன்னா..."

படார்!

படகு சத்தம் போட்டது. தகட்டைத் தகட்டோடு பிடித்து வைத்திருந்த ஒட்டு ஒன்று தெறித்துவிட்டது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அப்படியே சிலையாகி நின்றார்கள். அவளும்தான். அவசரமாகக் கதவை இழுத்து மூடினாள். மூடி என்ன பயன்? போனது போனதுதான்.

அவன் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு விடுவிடுவென்று வந்தான். வந்த வேகத்துக்கு அடித்துவிடுவானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் எதிரே வந்ததும் நின்றுவிட்டான். அவள் இமையில் தொங்கிய மழைத்துளி கன்னத்தில் இறங்குவதையே பார்த்தான். நாளெல்லாம் சூட்டோடு மல்லுக்கட்டுகிறவன் கண்கள் இத்தனை குளிர்ச்சியாகவா இருக்கும்... சீ, இந்த நேரத்தில் இது என்ன யோசனை!

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" குரல் மட்டும் இறங்கவில்லை. "இப்பத்தான் ஒட்டினது. இன்னும் ஆறவே இல்ல. ஒரு பக்கம் மட்டும் குளிர்காத்து பட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அதுதான் கொடுமை. வெல்டிங் சூட்டில் தகடு எந்தப் பக்கம் வளையும், எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் படித்த படிப்பு. அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"தெரியும்..." என்றாள் ஈனஸ்வரத்தில். "அந்தப் பக்கம் சீக்கிரம் ஆறும். சுருங்கும். இழுக்கும்."

"தெரிஞ்சேவா தொறந்தீங்க?"

"இல்ல... தெரியும், ஆனா உள்ள படகு இருக்குன்னு தெரியாது!"

"படகுப் பட்டறைல படகு இல்லாம பஸ்ஸா இருக்கும்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. தப்பு செய்தவள் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். ஆனால் அவள் சுபாவம் அப்படியில்லையே! நேரே படகிடம் போனாள். முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள்.

"இப்போ ஒரு விரல் கோணியிருக்கு. இந்தப் பிளாஸ்டிக் இரும்பு மாதிரி கிடையாது, ராத்திரி பூரா நகரும். நாளைக்கு வந்து பாருங்க, ரெண்டு விரல் இருக்கும். மூக்கு இடது பக்கம் திரும்பியிருக்கும்."

"இது என்ன, ஜோசியமா?"

"கணக்கு!"

சொல்லிவிட்டு, கதவை ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, மழையிலேயே இறங்கி, பின்னால் ஒழுங்காக மூடிவிட்டுப் போனாள். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தோமே என்று அவளுக்கு ஓர் அற்ப திருப்தி. கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் இரண்டாவது இடி விழுந்தது. சான்றிதழ் ஃபைலைக் காணோம்! பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்து நின்றவளை வரவேற்பறையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் தொலைபேசி அடித்தது.

"ஜோசியர் மேடமா?"

அந்தக் குரல்! ஃபைலில் இருந்து எண்ணை எடுத்திருக்கிறான். அவள் வாயைத் திறக்குமுன் அவனே பேசினான். நேற்றைய அதட்டல் போன இடம் தெரியவில்லை. "ரெண்டு விரல்ங்க. இடது பக்கம். சரியா ரெண்டு விரல்... எப்படிங்க?"

அவன் திகைத்துப் போயிருந்தான் என்பது மூச்சிலேயே தெரிந்தது. அவள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தாள். கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள். அதற்குள் யாரோ அவனிடமிருந்து தொலைபேசியைப் பிடுங்கினார்கள்.

"நான் இவனோட அக்கா பேசறேம்மா. பட்டறை என்னோடது. காலைல வந்து ஃபைல வாங்கிக்கோ. அப்படியே எனக்கு ஒரு உதவியும் பண்ணு."

அக்கா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். மறுநாள் அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, கவிழ்ந்து கிடந்த இன்னொரு படகைத் தட்டிக் காட்டினாள்.

"இது தீவுல இருக்கறவங்களுக்கு ஆம்புலன்ஸ் படகு. பிரசவ வலி வந்தா அவங்க இன்னும் மீன் படகுலதான் வர்றாங்க. நாங்க ரெண்டு படகு செஞ்சோம், ரெண்டையும் துறைமுக ஆய்வாளர் திருப்பி அனுப்பிட்டார். அடியில நூல் கட்டிப் பாப்பார். நூலுக்கும் படகுக்கும் நடுவுல அரை விரல் போனாலும் வேண்டாம்னுடுவார். அடி கோணலா இருந்தா படகு நேரா ஓடாதே! இதுதான் மூணாவது. இதுவும் போச்சுன்னா பட்டறைய இழுத்து மூடிட வேண்டியதுதான்."

விஷயம் இதுதான். படகைக் கவிழ்த்துப் போட்டு, முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும் நீளமான இணைப்பை ஒட்ட வேண்டும். ஒட்டியது ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு முனைகளையும் மேலே தூக்கும். அதனால் ஒட்டுவதற்கு முன்னாலேயே நடுவில் கட்டை கொடுத்து, படகை எதிர்ப்பக்கமாக வளைத்து வைத்துவிட வேண்டும். எதிர் வளைவும் சுருக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டினால் படகு நேர். கூடக் குறைய ஆனால் கோணல். சின்னப் படகுகளுக்கு அக்காவின் தம்பி கண்ணாலேயே பார்த்துக் கட்டை வைத்துவிடுவான். இவ்வளவு பெரிய படகுக்கு அந்தக் கண்திட்டம் இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது.

"எத்தன விரல் வளைக்கணும்னு நீ சொல்லு. அது போதும்," என்றாள் அக்கா.

அந்தத் தம்பிக்குப் பட்டறையில் 'இஸ்திரி' என்று பெயர். கோணின தகட்டைச் சூடு காட்டி நேராக்குவதில் மன்னன் என்பதால் வந்த பெயராம். அவளுக்கு அவன் வைத்த பெயர் ஏற்கெனவே ஊர்ஜிதமாகியிருந்தது. ஆக, இஸ்திரியும் ஜோசியரும் ஒரே கூரையின் கீழ்... கேட்கவா வேண்டும்!

"ஜோசியர் மேடம், இன்னிக்கு மழை வருமா?"

"வராது. வந்தாலும் கதவ நான் தொறக்க மாட்டேன்."

"டீ வருமா?"

"நீங்க வாங்கினா வரும்."

வாங்கி வந்தான். சர்க்கரை சரியாக இருந்தது. அவள் சொல்லாமலே எப்படித் தெரிந்தது என்று யோசித்தாள். கேட்கவில்லை.

படகுக்கு முன் ஒரு சோதனைத் துண்டு ஒட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒன்றரை விரல் வளையும் என்று அவள் கணக்கு சொன்னது. ஒட்டி, ஆறவிட்டு, நூல் கட்டிப் பார்த்தால்... இரண்டரை!

"ஜோசியம் பொய்ச்சுப் போச்சுடோய்!" என்று அவன் கையைத் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் உதடு கோணிக்கொண்டு வந்தது. கண் நிறைந்துவிட்டது. சட்டென்று திரும்பிக்கொண்டாள். கைதட்டல் பாதியில் நின்றது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

அவன் மெல்லப் பக்கத்தில் வந்தான். "சும்மா விளையாட்டுக்குங்க..."

"வேகத்த புத்தகத்துல இருக்கறபடி போட்டேன்," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "உங்க கை அதவிட மெதுவா போகுது. மெதுவா போனா சூடு அதிகமா இறங்கும். சூடு அதிகமானா இழுப்பும் அதிகம்."

"அப்ப நான் மாறணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"என் கை என் கைதாங்க. யாருக்காகவும் மாறாது."

"என் கணக்கும்தான்!"

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரோஷம் என்று வந்துவிட்டால் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் அன்று முதல் அவள் ஒரு காரியம் செய்தாள். பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்ப்பது போல் அவன் கையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் கம்பி துப்பாக்கிக்குள் நுழைந்து, உருகி, தேன் மாதிரி வழிந்து தகட்டில் படிய... அந்தக் கை அவசரமே இல்லாமல் நகர்ந்தது. ஒவ்வோர் இணைப்பின் முடிவிலும் ஒரு நொடி தயங்கி நின்றது, பிரிய மனமில்லாத மாதிரி. வேகத்தை அளக்கத்தான் பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளந்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன காரணம் சொல்லிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் கணக்கில் இருந்த புத்தக வேகத்தை அழித்துவிட்டு, அவன் கையின் வேகத்தைப் போட்டாள். படகுக்கு இரண்டு விரல் போதும் என்றிருந்த எதிர் வளைவு மூன்று விரலாயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால், 'பாத்தீங்களா, கணக்கு என் கால்ல விழுந்துடுச்சு' என்று ஊரைக் கூட்டுவான். எதற்கு வம்பு?

"மூணு விரல் கட்டை வெச்சிடுங்க," என்றாள் மொட்டையாக.

"சரிங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரிங்க... அவ்வளவுதானா? ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அப்போதுதான் அவன் வலது மணிக்கட்டில் புதிதாகச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"கைல என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. பழக்கமில்லாத வேல ஒண்ணு பாத்தேன்... சுட்டுக்கிச்சு."

"இத்தன வருஷமா பண்றீங்க, இப்பப் போயா சுட்டுக்கும்?"

அவன் சிரித்து மழுப்பினான். மூலையில் உபயோகமில்லாத துண்டுத் தகடுகள் ஒரு குவியலாகக் கிடக்குமே, அது பாதியாகக் குறைந்திருந்ததையும் அவள் கவனித்தாள். கவனித்து என்ன? விளங்கவில்லை.

முதுகெலும்பு ஒட்டும் நாளன்று பட்டறைக்குள் அவனும், கம்பி எடுத்துக் கொடுக்க ஓர் ஆளும் மட்டும்தான் இருக்கலாம் என்பது அக்காவின் சட்டம். ஆள் நடமாட்டத்தால் வரும் காற்றுகூட ஆகாதாம். "கதவு தொறக்கறதுல பேர் போன ஆளு வெளியவே இருக்கட்டும்," என்று வேறு கிண்டல். அவள் வெளியே காத்திருந்தாள். உள்ளே சூடான காற்றின் உஸ்ஸென்ற ஓசை... அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருந்தது. ஆவலில் நேரம் போனது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நன்றாக ஆறிய பிறகு கட்டைகளை எடுத்தார்கள். அவன் ஒரு முனையில், அவள் மறு முனையில். நடுவில் நைலான் நூல்.

நூல் நேராக நிற்கவில்லை. நடுவில் முட்டி, வளைந்து, மேலேறி இறங்கியது. படகின் முதுகு ஒரு விரல் உயரத்துக்குக் கூன் போட்டிருந்தது.

அவன் நூலை இன்னும் இறுக்கினான், இறுக்கினால் கூன் போய்விடும் என்பது மாதிரி. போகவில்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு விரல் வளைச்சோம்... ரெண்டு விரல்தான் திரும்பியிருக்கு," என்றான் அவன் வறண்ட குரலில். "கணக்குல ஏதோ மாறியிருக்கு."

பட்டறையில், எல்லோர் முன்னாலும்! அவளுக்குச் சுரீரென்று ஏறியது. "கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. கைதான் மாறியிருக்கு."

"கை உங்க கணக்குப்படிதான் போச்சு!"

"யாருக்காகவும் மாறாத கைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் கை மணிக்கட்டுத் துணிக்குப் போனது.

"மாறாத கணக்குன்னு நீங்களும்தானே சொன்னீங்க?" என்று கேட்டான். உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அத்தனை பேர் நடுவில், உன் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்கை மாற்றினேன் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

"போதும்!" அக்கா எழுந்தாள். "நாளன்னிக்கு ஆய்வாளர் வர்றார். இங்க நின்னு சண்ட போட எனக்கு நேரமில்ல. தம்பி, இவ வந்ததுலேர்ந்து உன் கை உன் கையா இல்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அவள் கணினியை எடுத்துப் பைக்குள் திணித்தாள். அவன் தடுப்பான் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். அவன் நூலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் அம்மா கேட்டதற்கெல்லாம் தலைவலி என்று ஒரே பதில். அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் தீர்ந்ததும், வேறு வழியில்லாமல், கணினியைத் திறந்தாள். எங்கே தப்பு? தகட்டின் கனம் சரி. கம்பி சரி. காற்றின் சூடு சரி. மீதி இருந்தது கை ஒன்றுதான். சும்மா ஒரு பேச்சுக்கு... கையின் வேகத்தை அழித்துவிட்டுப் பழைய புத்தக வேகத்தைப் போட்டாள்.

திரையில் படகு மெல்ல வளைந்து நின்றது. நடுவில் கூன், ஒரு விரல்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுபடி போட்டாள். மறுபடியும் ஒரு விரல். புத்தக வேகம்! அவன் தன் கையின் வேகத்தில் ஒட்டவே இல்லை. அவள் கணக்கில் முதலில் இருந்த வேகத்தில் ஒட்டியிருக்கிறான். துண்டுத் தகடுகள் ஏன் குறைந்தன, மணிக்கட்டு ஏன் சுட்டுக்கொண்டது, உள்ளே வேலை ஏன் சீக்கிரம் முடிந்தது... எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் அவள் கணக்குப் பொய்த்துவிடக் கூடாது, அவள் கண் நிறையக் கூடாது. அதற்காக, யாருக்காகவும் மாறாத அந்தக் கை, யாருக்கும் தெரியாமல் புது நடை பழகியிருக்கிறது.

"பாவி..." என்றாள் வாய்விட்டு. "சொல்லியிருக்கக் கூடாதா?"

நீ சொன்னாயா என்று மனசு திருப்பிக் கேட்டது.

விடிந்ததும் ஓடினாள். மழையும் கூடவே ஓடிவந்தது, முதல் நாள் மாதிரியே. அதே தகரக் கதவு, கையை நீட்டினாள்... உள்ளே உஸ்ஸென்ற ஓசை. சூடு போட்டுக்கொண்டிருக்கிறான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே, கொட்டுகிற மழையில், கணினிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா?" பின்னால் குடையோடு அக்கா. "வராதேன்னு சொன்னேன், வந்துட்ட. சரி, வந்தவ இப்படியா நனைவ? கதவு சும்மாதானே சாத்தியிருக்கு, தள்ளிட்டு உள்ள போறதுதானே?"

"உள்ள சூடு போட்டுட்டு இருக்காங்கக்கா. காத்து போயிடும்."

அக்கா குடைக்குள் அவளை இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் முகத்தையே பார்த்தாள், ரொம்ப நேரம். என்ன கண்டாளோ, அதன் பிறகு குரலில் காரம் இல்லை.

ஓசை நின்றதும் உள்ளே போனார்கள். இரவெல்லாம் சூடு காட்டியும் அசையாத கூனின் மேல் கையை ஊன்றி, அவன் தூங்காத கண்களோடு நிமிர்ந்தான். நனைந்து நிற்கும் அவளைக் கண்டதும் துப்பாக்கியை வைப்பதற்குத் தாங்கியைத் தேடி, தேடி, கடைசியில் தரையிலேயே வைத்தான்.

"ஏன் கைய மாத்தினீங்க?" என்றாள் அவள்.

அவன் முகம் வெளுத்தது. "உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"கணக்கு சொல்லிடுச்சு. ஏன் மாத்தினீங்க?"

"அன்னிக்கு நீங்க அழுதீங்க. என்னாலதான்..." அவன் மணிக்கட்டுத் துணியைத் தடவிக்கொண்டான். "உங்க கணக்கு ஜெயிக்கட்டும்னு பாத்தேன். புத்தகத்துல இருக்கற வேகத்துக்குக் கைய பழக்கினேன். ஆனா அப்படியும் கோணிடுச்சே! அப்ப கணக்கே தப்புதானே?"

"தப்பில்ல. அந்தக் கணக்கு புத்தகத்துக்குப் போட்டதில்ல." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "நான் மாத்திட்டேன். உங்க கை எப்படிப் போகுதோ அதுக்குப் போட்டேன். மெதுவா... முடிவுல ஒரு நொடி நின்னு... அந்தக் கைக்கு."

மழை தகரத்தின் மேல் தடதடவென்று அடித்தது. இருவர் கண்ணும் ஒன்றையொன்று விடவில்லை.

"அடப்பாவிகளா!" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவளுக்காக அவன் மாறினான், அவனுக்காக இவ மாறினா... ரெண்டு பேரும் வாயத் தொறக்காம ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து, நடுவுல என் படகக் கூன் விழ வெச்சுட்டீங்களேடா!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவசரமாகக் கணினியைத் திறந்தாள். அதற்காகத்தானே ஓடி வந்தாள்! "அக்கா, வழி இருக்கு. தரை தட்டினா தேயாம இருக்க அடியில ஒரு பட்டை ஒட்டணும்ல? அத இன்னும் ஒட்டல. அது இந்தக் கூன் மேலயேதான் ஓடும். அத ஒட்டினா ஆறும்போது சுருங்கி, ரெண்டு முனையையும் தூக்கும். கூன் போயிடும்."

"எவ்வளவு தூக்கும்?" என்றான் அவன்.

"ஒரு விரல்."

"எந்தக் கையில ஒட்டினா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க கையில. புத்தகத்த மறந்துடுங்க."

அக்கா சட்டத்தைத் தளர்த்தி அவளை உள்ளேயே உட்கார விட்டாள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை மெல்ல நகர்ந்தது... உருகிய பிளாஸ்டிக் பட்டையோரம் படிந்து படிந்து போனது... முடிவில் ஒரு நொடி தயங்கி நின்றது. இந்தத் தடவை திரையைப் பார்ப்பது போல் அவள் நடிக்கவில்லை.

ஆறுவதற்குத்தான் அவகாசம் வேண்டும். அன்று முழுக்க யாரும் படகின் பக்கம் போகவில்லை.

ஆய்வாளர் வரும் நாளன்று காலையில், அவர் வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று நூலை எடுத்தார்கள். அவன் ஒரு முனையில், அவள் மறு முனையில். அக்கா பார்க்கமாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நூல் இறுகியது.

படகின் முதுகோடு முதுகாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு காகிதம் நுழைய இடமில்லாமல் படிந்து கிடந்தது. அவள் கண்ணை நம்ப முடியாமல் குனிந்து பார்த்தாள். அந்த முனையில் அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நூலின் இரு கோடியிலும் இரண்டு ஜோடிக் கண்கள்.

"அக்கா... நேரா இருக்கு," என்றான் அவன். அக்காவின் தோள்கள் குலுங்கின. திரும்பாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ... டீ சொல்லிட்டு வரேன்," என்று பின்பக்கமாகப் போய்விட்டாள். போகும்போது மற்ற எல்லோரையும் கூடவே தள்ளிக்கொண்டு போனாள்.

"ஜோசியர் மேடம்," என்றான் அவன். நூலை விடவில்லை. "இன்னும் ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு இந்தப் படகு போயிடும். நீங்களும் போயிடுவீங்களா?"

"போகச் சொல்றீங்களா?"

"எனக்குச் சொல்லிப் பழக்கமில்ல. எதையும் சொல்லாமத்தான் செய்வேன். சொல்லாம செஞ்சதாலதானே படகு வளைஞ்சுது..." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அதனால இந்தத் தடவ சொல்லிடறேன். எனக்கு..."

கிரீச்சென்று தகரக் கதவு அகலத் திறந்தது. மழைக்காற்று உள்ளே பாய்ந்தது.

"கதவ மூடுங்க!"

இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கதவருகே நின்ற பெரியவர் நடுங்கிப் போய், கையிலிருந்த பையோடு அப்படியே வெளியே பின்வாங்கி, கதவை இழுத்து மூடிக்கொண்டார். மூடிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஐயோ... அது ஆய்வாளர்!" என்றான் அவன்.

"தெரியும்..." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் கண் நிறைந்தது. இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. "ஒரு நிமிஷம் வெளியவே நிக்கட்டும். நீங்க சொல்ல வந்தத முடிங்க."

"எனக்கு உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவனுக்கே தெரியாது. "முதல் நாள் மழையோட வந்து நின்னியே... அப்பவே."

அவன் விரல்கள் நடுங்குவது நூல் வழியாக அவள் விரல்களுக்கு வந்து சேர்ந்தது.

"எனக்கும்தான்," என்றாள் அவள். "மொதல்லயே சொல்லியிருக்கணும். இனிமே உனக்குத் தெரியாம எதையும் மாத்த மாட்டேன்."

நூல் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் தன் முனையை விடாமல் சுற்றிக்கொண்டே அவனை நோக்கி நடந்தாள். வெளியே ஆய்வாளர், உள்ளே வரலாமா என்று மழையில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.